வீட்டுக்கு அனுப்பும் முன் நாற்காலியிலிருந்து எழச் சொல்லுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழிப் பனியும் போகிப் புகையும் சேர்கிற நாட்களில் நம் ஊர் ஆஸ்பத்திரிகளின் நெஞ்சக நோய் வார்டுகளில் கட்டில் கிடைப்பது அரிது. அங்கே படுத்திருப்பவர்களில் பலர் சி.ஓ.பி.டி. என்கிற நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் உள்ளவர்கள். இருந்த இளைப்பு இரண்டு மூன்று நாளில் மளமளவென்று கூடி, பேச முடியாத நிலையில் வந்து சேர்ந்தவர்கள். நெபுலைசர், ஆக்சிஜன், ஸ்டீராய்டு, ஆன்டிபயாடிக் என்று ஒரு வாரம் போகிறது. இளைப்பு அடங்குகிறது. டிஸ்சார்ஜ் சீட்டு எழுதுகிறார்கள். வீட்டுக்குப் போன நாலாம் நாள் அவர் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "மூச்சு இப்பப் பரவால்ல. கால்லதான் தெம்பே இல்ல."

அந்தக் கால்களைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கேட்பது இரண்டு. சி.ஓ.பி.டி. நோயாளி யாரையும் வீட்டுக்கு அனுப்பும் முன் அவர் நாற்காலியிலிருந்து எழுவதையும் நாலு மீட்டர் நடப்பதையும் நேரம் குறித்து அளந்து, அந்த எண்ணை டிஸ்சார்ஜ் சீட்டில் எழுத வேண்டும். வீடு போன மூன்று நாலு வாரத்துக்குள் அவருக்கு உடற்பயிற்சியோடு கூடிய நுரையீரல் மறுவாழ்வு சிகிச்சை தொடங்க வேண்டும். இது அரசு ஆஸ்பத்திரிக்கும் தனியாருக்கும் பொது.

நோய் நுரையீரலில் இருக்க, கால் ஏன் தளர்கிறது என்று குடும்பத்தார் கேட்பது நியாயமே. நோய் கூடும்போது எழும் அழற்சி உடம்பு முழுக்கப் பரவித் தசையைக் கரைக்கிறது. மூச்சுவிடவே தெம்பெல்லாம் செலவாவதால் சாப்பாடு இறங்குவதில்லை. ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. ஆனால் அதிக நாள் போனால் இடுப்பு, தொடைத் தசைகளை அதுவே மெலிய வைக்கும். இவற்றோடு படுக்கை சேர்கிறது. பெல்ஜியத்தில் இப்படி ஆஸ்பத்திரியில் சேர்ந்தவர்களின் உடலில் அசைவுமானியைக் கட்டிப் பார்த்த ஆய்வு 2006-இல் வெளியானது. இரண்டாம் நாளில் அவர்கள் நின்றதும் நடந்ததும் சேர்ந்து பகல் பொழுதில் சுமார் 7 சதவீதம். வீடு திரும்பி ஒரு மாதம் ஆனபிறகும் 19 சதவீதத்தைத் தாண்டவில்லை. அதே நாட்டில் நடந்த வேறோர் ஆய்வில், ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாளுக்கும் எட்டாம் நாளுக்கும் நடுவே மட்டும் முன்தொடைத் தசையின் வலு ஏறத்தாழ 5 சதவீதம் குறைந்திருந்தது. ஏற்கெனவே மெலிந்த தொடையில் இந்த இழப்பு பெரிது. வீட்டில் உட்கார்ந்தே காலம் போக்கினால் அது தானாகத் திரும்புவதில்லை.

தளர்ந்த கால் மூச்சையும் கெடுக்கிறது. வலுவில்லாத தசை கொஞ்சம் நடந்ததுமே லாக்டிக் அமிலத்தைச் சேர்த்துக்கொள்ளும். அதை ஈடுகட்ட உடம்பு கூடுதலாக மூச்சிழுக்கும். அடைபட்ட நுரையீரலில் இழுத்த காற்று முழுதும் வெளியே போவதற்குள் அடுத்த மூச்சு வந்துவிடும். காற்று உள்ளேயே தேங்கி நெஞ்சுக்கூடு புடைத்துக்கொள்ளும். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கும். பயந்துபோய் நடையைக் குறைப்பார், தசை இன்னும் மெலியும். மூன்று மாதத்தில் திரும்ப வார்டுக்கு வருகிறவர்களில் பலரும் இந்தச் சுழலில் சிக்கியவர்கள். நுரையீரலில் சிதைந்த பகுதியை எந்த மருந்தாலும் புதிதாக்க முடியாது. தொடைத் தசையை மீட்க முடியும், எழுபது வயதிலும் முடியும். எங்கள் வற்புறுத்தலுக்குக் காரணம் இதுதான்.

ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே என்ன செய்யலாம்? இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில் 389 பேரிடம் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், நோய் கூடிச் சேர்ந்த உடனேயே முறையான தீவிரப் பயிற்சியைத் தொடங்கிப் பார்த்தார்கள். மீண்டும் ஆஸ்பத்திரியில் சேர்வது குறையவில்லை. ஓராண்டுக்குள் இறந்தவர்கள் பயிற்சிக் குழுவில் 25 சதவீதம், மற்றக் குழுவில் 16 சதவீதம். பயிற்சிதான் இறப்புக்குக் காரணமென்று உறுதியாகச் சொல்ல முடியாவிட்டாலும், 2017-இல் ஐரோப்பிய, அமெரிக்க மார்பு நோய் சங்கங்கள் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டுதல், முழு மறுவாழ்வுத் திட்டத்தை வார்டில் தொடங்காமல் வீடு போன மூன்று வாரத்துக்குள் தொடங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே வார்டில் நோக்கம் இருக்கிற வலுவை இழக்காமல் காப்பது. ஓட்டப் பந்தயத்துக்குத் தயார் செய்யும் இடம் அல்ல அது.

முதல் நாள், பேச்சு ஓரளவு வந்ததும், கட்டில் ஓரத்தில் கால் தரையில் படும்படி உட்கார வைக்கலாம். உட்கார்ந்து முன்னே சாய்ந்து, முழங்கையைத் தொடை மேலோ எதிரே உள்ள தலையணை மேலோ ஊன்றினால் மூச்சுத் தசைகளுக்குப் பிடிமானம் கிடைத்து இளைப்பு தணியும். கணுக்காலை மேலும் கீழும் மணிக்கு இருபது தடவை அசைப்பது ரத்தம் கட்டாமல் இருக்க உதவும். இரண்டாம் நாள் சாப்பாடு மூன்று வேளையும் நாற்காலியில். கழிவறைக்கு ஒருவர் துணையோடு நடந்து போகலாம். ஆக்சிஜன் குழாய் எட்டாவிட்டால் நீட்டிப்புக் குழாய் போடலாம் அல்லது பி டைப் என்கிற சிறிய ஆக்சிஜன் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் கூடவே கொண்டு போகலாம். மூன்றாம் நாளிலிருந்து வராந்தாவில் இரண்டு மூன்று நிமிட நடை, நாளுக்கு நாலைந்து தடவை. அதோடு நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது ஐந்து தடவை, காலையும் மாலையும். உட்கார்ந்த நிலையில் நிமிடத்துக்கு முப்பது மூச்சுக்கு மேல் ஓடினாலோ, நெஞ்சு வலி, தலைசுற்றல் இருந்தாலோ, ஆக்சிஜன் கொடுத்தும் ரத்தத்தில் அதன் அளவு 88 சதவீதத்துக்குக் கீழே நின்றாலோ அன்றைக்கு நடை வேண்டாம். முகமூடி வழியே காற்றை அழுத்திச் செலுத்தி மூச்சுக்கு உதவும் பை-பேப் இயந்திரத்தை நம்பி இருப்பவரை மருத்துவர் சொல்லாமல் எழுப்பக் கூடாது.

வார்டில் இதைக் கெடுப்பது பெரும்பாலும் பாசம்தான். துணைக்கு இருக்கும் மகள் "நீங்க படுங்கப்பா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்று தண்ணீர் முதல் பெட்பான் வரை கட்டிலுக்கே கொண்டுவந்து விடுகிறார். அதில் அன்பு இருக்கிறது. தொடைக்கு வேலை இல்லை. தண்ணீர் பாட்டிலை இரண்டடி தள்ளி ஸ்டூலில் வைத்து, அப்பா எழுந்து எடுக்கும்போது பக்கத்தில் நின்றுகொண்டால் போதும்.

மூச்சுப் பயிற்சிக்கென்று தரும் மூன்று பந்து கருவியைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் அதைக் கையில் கொடுத்து "தினமும் ஊதுங்க" என்று அனுப்புவது வழக்கமாகிவிட்டது. முதலில் அது ஊதும் கருவியே அல்ல, இழுக்கும் கருவி. அறுவை சிகிச்சைக்குப் பின் சுருங்கும் நுரையீரலை விரிக்க உண்டானது. சி.ஓ.பி.டி.யில் நுரையீரல் ஏற்கெனவே காற்று தேங்கிப் புடைத்திருக்கிறது. சிரமம் வெளியே விடுவதில். பந்துகளை மேலே நிறுத்துவதால் தொடைக்கு எந்த வலுவும் வராது. கொடுப்பதில் பெரிய கெடுதல் இல்லை, ஆனால் "பிசியோதெரபி கொடுத்தாச்சு" என்று கணக்கு முடிந்துவிடுகிறதே, அதுதான் கெடுதல்.

இனி அந்த நாற்காலிச் சோதனை. 45 சென்டிமீட்டர் அளவு உயரமுள்ள, கைப்பிடி இல்லாத உறுதியான நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலியானால் பின்பக்கம் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும், இல்லாவிட்டால் வழுக்கும். நோயாளி பாதங்களை முழங்காலுக்குக் கொஞ்சம் பின்னே இழுத்து வைத்து, கைகளை மார்பின் மேல் குறுக்காக மடித்துக்கொள்ள வேண்டும். "எழுங்கள்" என்றதும் செல்போனில் நேரம் ஓட விடுங்கள். முழுசாக நிமிர்ந்து நின்று முழுசாக உட்கார்ந்தால் ஒன்று. ஐந்தாவது தடவை நிமிர்ந்து நிற்கும்போது நேரத்தை நிறுத்துங்கள். அந்தச் சில வினாடிகளில் எவ்வளவோ தெரியும். சிலர் மார்பில் மடித்த கையைத் தம்மை அறியாமல் பிரித்துத் தொடையில் ஊன்றுவார்கள். சிலர் பாதி எழுந்து பின்னே விழுந்து, உடம்பை ஊசலாட்டி மறுபடி முயல்வார்கள். முழங்கால்கள் உள்நோக்கி ஒன்றோடொன்று முட்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுவார்கள், மூன்றாவதிலேயே உதடு கருக்கும். இவர்களில் பலரும் கட்டிலில் படுத்தபடி "நல்லாருக்கேன் டாக்டர்" என்று சொன்னவர்களாகத்தான் இருப்பார்கள்.

பதினேழு வினாடிக்கு மேல் ஆனால் கால் வலு மிகக் குறைவு. ஐந்தும் முடிக்க இயலாதவர் வீட்டில் தாழ்வான திண்ணையிலிருந்தும் கழிவறையிலிருந்தும் தனியாக எழ மாட்டார், விழுவார். சி.ஓ.பி.டி. நோயாளிகளில் இந்த நேரம் 1.7 வினாடி குறைந்தாலே உண்மையான முன்னேற்றம் என்று கொள்ளலாம். நடைச் சோதனைக்கு வராந்தாவில் நாலு மீட்டர் அளந்து சாக்பீஸ் கோடு போட்டால் போதும், வழக்கமான வேகத்தில் நடக்கச் சொல்ல வேண்டும். ஐந்து வினாடிக்கு மேல் ஆனால் நடை வினாடிக்கு 0.8 மீட்டருக்கும் கீழே என்று பொருள். அவரைத் தனியாக விடாமல் கண்காணிக்க வேண்டும். ஆறு நிமிட நடைச் சோதனை இன்னும் நல்லதுதான், ஆனால் அதற்கு 30 மீட்டர் தடையில்லாத வராந்தா வேண்டும். நெரிசலான வார்டில் அதற்காகக் காத்திருந்தால் ஒன்றும் நடக்காது. இரண்டு சோதனையின்போதும் விரலில் ஆக்சிமீட்டர் இருக்கட்டும். உட்கார்ந்திருக்கையில் 93 காட்டுபவர் நடக்கும்போது 84-க்கு இறங்குவது உண்டு. படுக்கையில் மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது. வீடு மாடியில் இருந்தால் ஒரு வரிசைப் படியும் ஏற வைத்துப் பார்ப்பது நல்லது. நாற்காலி, அளவு நாடா, செல்போன், ஆக்சிமீட்டர், பத்து நிமிடம். இதற்கு மேல் செலவில்லை.

வீட்டில் முதல் எட்டு வாரம்தான் முக்கியம். மருத்துவர் எழுதிய உடனடி நிவாரண இன்ஹேலரை, அதாவது பெரும்பாலும் சால்பூட்டமாலை, ஸ்பேசர் என்கிற குழலை மாட்டி இரண்டு பஃப் எடுத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்துப் பயிற்சி தொடங்கினால் காற்றுத் தேக்கம் குறையும். ஒரு பஃப் அழுத்தி, மெதுவாக இழுத்து, பத்து எண்ணும் வரை அடக்கி, அரை நிமிடம் பொறுத்து அடுத்தது. இரண்டையும் சேர்த்து ஸ்பேசருக்குள் அடிப்பது வழக்கமான தவறு. சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நிறைந்த வயிறு, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே உள்ள மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும்.

முதல் வாரம் வீட்டுக்குள்ளோ முற்றத்திலோ மூன்று முதல் ஐந்து நிமிட நடை, நாளுக்கு நாலு தடவை. அதுவும் ஒரேயடியாக முடியாவிட்டால் ஒரு நிமிடம் நடந்து ஒரு நிமிடம் நின்று மறுபடி நடக்கலாம். விட்டு விட்டு நடப்பதால் பலன் குறைவதில்லை, உள்ளே காற்று தேங்குவதுதான் குறைகிறது. இரண்டாம் வாரம் பத்து நிமிடம் இரண்டு வேளை. நாலாம் வாரத்தில் ஒரே நடையாக இருபது நிமிடம், எட்டாம் வாரத்தில் முப்பது, வாரத்தில் ஐந்து நாள். எவ்வளவு வேகம் என்பதற்கு ஓர் அளவு உண்டு. இளைப்பே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாதது பத்து என்று வைத்துக்கொண்டால், பயிற்சியின்போது மூன்று நாலில் இருக்க வேண்டும்: சின்னச் சின்ன வாக்கியமாகப் பேச வரும், பாட வராது. இளைப்பே வராமல் நடந்தால் தசைக்கு வேலை போதவில்லை. உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் மூச்சு பழைய நிலைக்கு வர வேண்டும். பத்து நிமிடம் ஆகியும் அடங்கவில்லை என்றால் மறுநாள் பாதியாகக் குறைக்க வேண்டும். நிறுத்திவிடக் கூடாது.

நடை மட்டும் தசையைத் திரும்பத் தராது. வாரம் மூன்று நாள், ஒன்றுவிட்டு ஒருநாள், வலுப் பயிற்சி வேண்டும். நாற்காலியிலிருந்து எழுவதே தலையாய பயிற்சி. ஐந்தில் தொடங்கி, பத்து வீதம் மூன்று தடவை வரை கொண்டுபோகலாம். கை ஊன்றாமல் எழ வரவில்லை என்றால் நாற்காலி மேல் மடித்த போர்வை வைத்து உயரம் கூட்டி, வாரம் ஒரு மடிப்பாகக் குறைத்து வரலாம். உட்கார்ந்தபடி கணுக்காலில் அரைக் கிலோ மணல் பை கட்டி முழங்காலை நீட்டி மூன்று எண்ணி இறக்குவது, பத்து தடவை. பத்தும் சுலபமானால் ஒரு கிலோ. ஜன்னல் கம்பியைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது. வாசற்படியில் ஒரு கால் ஏற்றி இறக்குவது, சுவரில் ஒரு கை இருக்கட்டும். பெல்ஜியத்தில் 2010-இல் வெளியான ஒரு சிறு ஆய்வில் நோய் கூடியிருந்த நாட்களிலேயே தொடைக்கு மட்டும் எடைப் பயிற்சி கொடுத்தார்கள்; வலு சுமார் 10 சதவீதம் கூடியது, அழற்சி கூடவில்லை. தொடைக்கு வேலை கொடுத்தால் நுரையீரல் கெட்டுவிடும் என்று பயப்படத் தேவையில்லை.

மூச்சு விடும் முறை எல்லாவற்றுக்கும் துணை. மூக்கால் இரண்டு எண்ணி இழுத்து, சூடான காபியை ஊதி ஆற்றுவதுபோல் உதட்டைக் குவித்து நாலு எண்ணி மெல்ல விட வேண்டும். கன்னம் உப்ப வேகமாக ஊதுவதும், "நல்லா இழுங்க" என்று சொல்லக் கேட்டு நெஞ்சு நிறைய இழுப்பதும் தேக்கத்தைக் கூட்டும். எழும்போது, படி ஏறும்போது, குடம் தூக்கும்போது, அதாவது சிரமமான அந்தக் கணத்தில் மூச்சு வெளியே போக வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழும் பழக்கத்தை மாற்ற இரண்டு வாரமாவது ஆகும். பக்கத்தில் இருப்பவர் நினைவூட்ட வேண்டியிருக்கும்.

பயிற்சியைவிடக் குளியல்தான் பலருக்குக் கடினம். குந்தி உட்கார்ந்து, கையைத் தலைக்கு மேலே தூக்கித் தண்ணீர் மொண்டு ஊற்றும்போது வயிறு மடங்கி உதரவிதானம் நசுங்குகிறது. மூச்சுக்கு உதவும் தோள் தசைகளும் கைக்குப் போய்விடுகின்றன. குளியலறையில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டு உட்கார வேண்டும். வாளியை இன்னொரு ஸ்டூல் மேல் வைத்தால் குனிய வேண்டாம். சின்னச் செம்பு, ஒவ்வொரு ஊற்றலுக்கும் ஒரு மூச்சு வெளியே. கதவைத் தாழிடாமல் சாத்தி வையுங்கள், ஆவி போக ஜன்னல் திறந்திருக்கட்டும். துவட்டுவது பெரிய வேலை; உலர்ந்த பெரிய துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தால் அதுவே ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கழிவறையில் குந்த முடியாதவர்களுக்குத் துளையிட்ட கம்மோடு நாற்காலி. பெண்களுக்குக் குட்டை விளக்குமாற்றுக்குப் பதில் நீளக் கம்பு வைத்தது. விறகடுப்பில் பல ஆண்டு சமைத்து, பீடி ஒன்றைக்கூடத் தொடாமல் இந்த நோயை வாங்கிக்கொண்ட பெண்கள் நம் கிராமங்களில் உண்டு. அவர்களைத் திரும்ப அதே அடுப்பின் முன் உட்கார வைத்துவிட்டுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில் பயனில்லை.

சாப்பாடு இல்லாமல் தசை இல்லை. உடல் எடையில் கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். ஐம்பது கிலோ உள்ளவருக்கு நாளைக்கு 60 முதல் 75 கிராம். முட்டை ஒன்றில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் சுமார் 6, நூறு கிராம் வெந்த கொண்டைக்கடலைச் சுண்டலில் எட்டு ஒன்பது, நூறு கிராம் மீனில் இருபதுக்குப் பக்கம். ரசம் சாதமும் கஞ்சியுமாக ஒரு வாரம் ஓட்டினால் இருபது முப்பதைத் தாண்டாது. "காய்ச்சல்காரர் மாதிரி லேசாக் கொடுங்க" என்ற பழக்கம் இங்கே பிழை. மூன்று வேளையை ஆறு சிறு வேளையாகப் பிரித்தால் வயிறும் முட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு அளவு வைக்க வேண்டும்.

ஸ்டீராய்டு மாத்திரையில் நடக்கும் தவறு பெரியது. நோய் கூடியதற்கு நாளைக்கு 40 மில்லிகிராம் பிரட்னிசோலோன் ஐந்து நாள் என்பதே இன்று பொதுவான அளவு. ஐந்து நாளும் பதினாலு நாளும் ஒன்றுபோலவே பலன் தருவதை ஸ்விட்சர்லாந்தில் நடந்து 2013-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஆனால் சாப்பிட்டதும் இளைப்பு குறைந்து பசியும் எடுப்பதால் பழைய சீட்டைக் காட்டிக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விழுங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தொடை கரைகிறது, சர்க்கரை ஏறுகிறது, எலும்பு மெலிகிறது. அப்படி நெடுநாள் எடுத்தவர்கள் தாமாகத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. மருத்துவர் சொல்லும் படியில் குறைக்க வேண்டும்.

ஆக்சிஜன் இன்னொன்று. சி.ஓ.பி.டி.காரருக்கு இலக்கு 88 முதல் 92. ஆக்சிமீட்டரில் 98 வர வேண்டுமென்று வீட்டில் ஆக்சிஜன் தரும் கான்சென்ட்ரேட்டர் இயந்திரத்தை நிமிடத்துக்கு ஐந்து லிட்டருக்குத் திருகினால் ரத்தத்தில் கரியமில வாயு சேரும். விடிந்தும் எழுப்ப முடியாத தூக்கம், காலைத் தலைவலி, குழறிய பேச்சு அதன் அடையாளம், உடனே 108. விரல் குளிர்ந்திருந்தாலும் நகச்சாயம் இருந்தாலும் கருவி தப்பாகக் காட்டும். விரலைத் தேய்த்துச் சூடாக்கி, எண் நிலைத்தபின் படிக்க வேண்டும். பயிற்சியின்போது 85-க்குக் கீழே போனால் நிறுத்தி உட்கார வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அதைத் தசை வலி என்று எண்ணித் தேய்க்கக் கூடாது. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், நுரையீரலுக்குப் போய் அடைக்கலாம்.

இவ்வளவையும் யார் சொல்லிக்கொடுப்பது என்பதே கேள்வி. இந்தியாவில் சி.ஓ.பி.டி. உள்ளவர்கள் 1990-இல் 2.8 கோடி, 2016-இல் 5.5 கோடி. மறுவாழ்வு சிகிச்சை நடத்தும் இடங்களோ பெரும்பாலும் பெருநகரங்களில். வாரம் இரண்டு தடவை எட்டு வாரம் என்றால் பதினாறு பயணம். இளைப்போடு பேருந்து ஏறி மாவட்டத் தலைநகருக்கு வந்து போக ஒருநாள் ஆகிறது, கூட வரும் பிள்ளைக்கு அன்றைய கூலி போகிறது. மூன்றாவது தடவையோடு நின்றுவிடுகிறார்கள். வசதியான நாட்டிலும் நிலைமை மெச்சும்படி இல்லை. அமெரிக்காவில் முதியோருக்கான மெடிகேர் என்கிற அரசுக் காப்பீட்டில், சி.ஓ.பி.டி.க்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,97,376 முதியவர்களின் பதிவுகளை அலசி 2020-இல் வெளியிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த 90 நாளுக்குள் மறுவாழ்வைத் தொடங்கியவர்கள் 1.5 சதவீதம் மட்டுமே. அவர்களில் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 7.3 சதவீதம், மற்றவர்களில் 19.6. ஓரளவு தெம்புள்ளவர்கள்தான் பயிற்சிக்கு வந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்த எண்களைப் படிக்க வேண்டும். வயது, பிற நோய்களைக் கணக்கில் கொண்ட பிறகும் வித்தியாசம் நின்றது.

தமிழகத்தில் இதற்கு ஒரு வழி ஏற்கெனவே போட்டிருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5-இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளோடு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருவதும் சேர்ந்திருக்கிறது. வீட்டுப் பிசியோதெரபி என்றதும் பக்கவாதமும் மூட்டு வலியும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் ஒவ்வொரு சி.ஓ.பி.டி. நோயாளியின் பெயரையும் அவர் வீட்டுக்கு அருகே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு டிஸ்சார்ஜ் நாளிலேயே தெரிவித்து, இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். முதல் வாரத்துக்குள் ஒரு வருகை: நாற்காலி, குளியலறை, அடுப்பு மூன்றையும் பார்த்து, இன்ஹேலர் எடுப்பதைக் கண்ணால் கண்டு திருத்த. பிறகு எட்டு வாரத்தில் நாலு வருகை, நடுவில் வாரம் ஒரு தொலைபேசி அழைப்பு. நாலாம் வாரமும் எட்டாம் வாரமும் அதே நாற்காலிச் சோதனை. பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். களத்தில் இருக்கும் பிசியோதெரபிஸ்டுகளுக்கு ஆக்சிமீட்டரும், நுரையீரல் நோயாளியை எங்கே நிறுத்த வேண்டும், எங்கே தொடர வேண்டும் என்ற இரண்டு நாள் பயிற்சியும் போதும்.

சீட்டைப் பற்றி முடிவாக. இன்று பலருக்கும் தரப்படும் டிஸ்சார்ஜ் சீட்டில் எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை, மருந்துப் பெயர்கள், "இரண்டு வாரம் கழித்து வரவும்" என்பவை இருக்கின்றன. "ஓய்வு எடுக்கவும்" என்றும் சில சீட்டுகளில் எழுதிவிடுகிறார்கள். வீட்டில் அதை எழுத்துக்கு எழுத்து கடைப்பிடித்து ஆளைக் கட்டிலோடு வைத்துவிடுகிறார்கள். அந்த வரியை அடித்துவிட்டு அதே இடத்தில் இப்படி எழுதினால் போதும்: "நாற்காலியிலிருந்து ஐந்து தடவை எழ ஆன நேரம் 21 வினாடி, கை ஊன்றி. நாலு மீட்டர் நடை 7 வினாடி. நடக்கையில் ஆக்சிஜன் 88. நாளைக்கு நாலு வேளை ஐந்து நிமிடம் நடக்கவும். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வரும் நாள்..." அந்தத் தேதியை நிரப்பிவிட்டு ஆளை அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நுரையீரல் மறுவாழ்வுப் பணியில் உள்ள பிசியோதெரபிஸ்டுகள்,
மதுரை.